வெள்ளைக் கல் நட்ட முப்பது இடங்கள்

அனுப்புநர்
அமராவதி அய்யனார் (வயது 46),
கதவு எண் 3/41, புதுக்குடியிருப்பு,
நெடுஞ்சேரிக்குப்பம்,
கம்மாபுரம் ஒன்றியம்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: மணிமுத்தா கனிமச் சுரங்க நிறுவனத்தின் மூன்றாம் எண் மண்மேட்டில் நட்ட மரங்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பிழைத்துள்ளதாக வந்திருக்கும் அறிக்கை தவறு என்பதும், அத்தவறுக்கு மனுதாரராகிய நானும் காரணம் என்பதும், அவ்வறிக்கையை வைத்து 63 குடும்பங்களிடம் நிலத்தை ஒப்படைப்பதை நிறுத்தி மறு அளவீடு செய்யக் கோருவதும் தொடர்பாக.

பார்வை: 1. சிதம்பரம் பசுமீட்பு மதிப்பீட்டு மையத்தின் இறுதி அறிக்கை, ஏப்ரல் 2025.
2. நிலம் ஒப்படைப்புக் கையெழுத்துக்கான நிறுவனத்தின் அறிவிப்பு, நாள் 07.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை நானே எழுதியிருக்கிறேன். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம்தான் முதலில் போனேன். பாதி கேட்டதுமே பேனாவை மூடிவிட்டு, “தம் மேலயே யாராவது புகார் குடுப்பாங்களாம்மா? கம்பெனி மேல எழுது, நான் எழுதித் தரேன்” என்றார். அவர் சொன்னபடி எழுதினால் மனு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பாதிதான் உண்மையாக இருக்கும். ஆகவே எழுந்து வந்துவிட்டேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. 1998-ஆம் ஆண்டு எங்கள் ஊரில் 63 குடும்பங்களின் நிலம் திறந்தவெளிச் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டது. அதில் என் கணவர் அய்யனாருடைய இரண்டு ஏக்கர் முப்பது சென்ட் நஞ்சையும் அடக்கம். பழுப்பு நிலக்கரி எடுத்து முடிந்த பின், பள்ளத்தை மூடி அதன் மேல் 310 ஏக்கருக்கு மண்மேடு போட்டார்கள். அது எங்கள் மண் இல்லை. நூறு அடிக்குக் கீழே கிடந்த வெள்ளைக் களியும் மணலும் மேலே வந்துவிட்டன. மேலே இருந்த எங்கள் மண் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

2. 2019-இல் நிறுவனத்துக்கும் எங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மேட்டில் முந்திரி, வேம்பு, புங்கன், சவுக்கு நட்டு மூன்று வருடம் அளந்து பார்ப்பார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பிழைத்திருந்தால் மண்ணுக்கு உயிர் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று மேட்டிலேயே பிரித்துக் கொடுப்பார்கள். பிழைக்கவில்லை என்றால் வேறு இடத்தில் நல்ல நிலம் தர வேண்டும். இதுதான் பேச்சு. இந்த எழுபத்தைந்து என்ற எண்ணில்தான் எங்கள் 63 குடும்பங்களின் பிழைப்பு நிற்கிறது என்பதைத் தாங்கள் மனதில் கொள்ள வேண்டும்.

3. 2021 ஐப்பசியில் நடவு முடிந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் களை எடுக்கவும் நிலம் கொடுத்த குடும்பங்களிலிருந்தே ஒன்பது பெண்களை வேலைக்கு வைத்தார்கள். நான் அதில் ஒருத்தி. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு டேங்கர் லாரி வரும். மேட்டில் மூன்று லட்சத்துக்கும் மேல் குழிகள். ஒன்பது பேர், ஒரு லாரி. சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ் லாரியிலிருந்து இறங்காமலே, “எல்லா செடிக்கும் ஊத்துங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போவார். சொல்வதற்கு என்ன செலவு? எந்தச் செடிக்கு முதலில் ஊற்றுவது, எதை விடுவது என்று நாங்களேதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

4. 2022 பொங்கல் கழிந்து சிதம்பரத்திலிருந்து சிலர் டேப்புடன் வந்தார்கள். மேட்டில் அங்கங்கே முப்பது இடங்களில், பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளந்து, நான்கு மூலையிலும் சுண்ணாம்பு அடித்த கல் நட்டு, சிவப்பில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். என்ன கல் என்று ஜெயப்பிரகாஷிடம் கேட்டோம். “ஆபீஸ் கல்லு, தொடாதீங்க” என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

5. ஐயா, எங்கள் பக்கத்தில் நெல் வைப்பவர்கள், வயலில் கதிர் நன்றாக வந்திருக்கும் ஒரு மூலையைப் பார்த்து, நான்கு பக்கமும் குச்சி நட்டு விதைக்கு விடுவார்கள். கலப்பு நெல் பொறுக்குவதும் களை பார்ப்பதும் அந்த மூலைக்குத்தான் முதலில். தண்ணீர் பற்றாமல் போனாலும் மற்ற இடம் காயும், விதைக்கு விட்ட மூலை காயாது. நான்கு கல்லைப் பார்த்ததும் எங்களில் மூத்தவரான ரத்தினம்மாள், “வெதைக்கு உட்ட எடம்டி இது” என்றார். எங்கள் யாருக்கும் வேறு சந்தேகமே வரவில்லை. இந்த முப்பது இடத்து மரங்களிலிருந்து விதை எடுத்துத்தான் மேடு முழுவதும் மறுபடி நடப்போகிறார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

6. ஆகவே லாரி வந்ததும் முதல் தண்ணீர் கல் நட்ட இடத்துக்குப் போனது. மீதி இருந்தால்தான் மற்ற இடத்துக்கு. கோடையில் ஊர் ஏரி வற்றியதும், வேலைக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கூடை ஏரி வண்டல் தலையில் சுமந்து வந்து அந்தக் குழிகளில் போட்டோம். ஆட்டுப் புழுக்கை போட்டோம். ஆடு மேயாதபடி கருவேல முள் வெட்டி வைத்தோம். யாரும் செய்யச் சொல்லவில்லை. கூலியும் கேட்கவில்லை. முப்பது இடத்தையும் சேர்த்தால் முக்கால் ஏக்கர்கூட வராது. அந்த முக்கால் ஏக்கரை ஒன்பது பேரும் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்தோம். மீதி முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர் காய்ந்தது.

7. 2023 மாசியில் முதல் அளவீட்டுக்கு ஷஹனாஸ் என்ற பெண் வந்தார். கடலூர் முதுநகரைச் சேர்ந்தவர். தாவரவியல் படித்துவிட்டு மதிப்பீட்டு மையத்தில் சேர்ந்து, இதுதான் அவருக்கு முதல் வேலை. வெயிலில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு செடியையும் நகத்தால் லேசாகக் கீறி, பச்சை தெரிந்தால் உயிர், தெரியாவிட்டால் இல்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டார். நான் அவருக்கு டேப் பிடித்தேன். கல்லைப் பற்றிக் கேட்டதும் பொறுமையாகச் சொன்னார்: “மேடு முழுக்க எண்ண முடியாதில்லக்கா? அதான் முப்பது எடத்த மட்டும் எண்ணுறோம். இங்க எப்பிடியோ அப்பிடித்தான் எல்லா எடமும்னு கணக்கு.” நோட்டைப் புரட்டிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார்: “எல்லா எடத்துக்கும் ஒரே மாதிரிதான ஊத்துறீங்க?”

நான் “ஆமாம்மா” என்றேன்.

8. ஐயா, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மனு. அதுவரை நாங்கள் செய்தது தெரியாமல் செய்தது. அதன் பிறகு செய்தது தெரிந்து செய்தது. உண்மையைச் சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது. மதியம் சோறு சாப்பிடும்போது மற்றவர்களிடம் சொன்னேன். ரத்தினம்மாள், “பாஸ் ஆயிட்டா நெலம் வரும்ன்றாங்க. பாஸ் ஆவட்டுமேடி. நம்ம கைக்கு வந்தா நாம பாத்துக்க மாட்டமா?” என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அவர் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. எல்லோரையும்விட முதலில் தலையாட்டியது நான்தான்.

9. அதன் பின் இரண்டு வருடம் செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். கல் நட்ட இடத்தில் ஒரு செடி பட்டுப்போனால், வெளியில் தப்பித்தவறிப் பிழைத்திருந்த செடியை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து அந்தக் குழியில் வைத்தோம். ஆக, வெளியே இருந்த கொஞ்சநஞ்சத்தையும் நாங்களே குறைத்தோம். மையத்தின் அறிக்கையில் பதினான்காம் பக்கத்தில், மண்ணின் வளம் எதிர்பார்த்ததைவிட வேகமாக மீண்டிருக்கிறது என்று வியந்து எழுதியிருக்கிறார்கள். வியக்க வேண்டாம். அது எங்கள் ஏரி வண்டல். இந்த மாசியில் பதினேழாம் எண் கட்டத்தில் ஒரு முந்திரி பூத்தது. ஷஹனாஸ் அதைப் போட்டோ எடுத்து அறிக்கையின் அட்டையில் போட்டிருக்கிறார்.

10. ஏப்ரலில் அறிக்கை வந்தது. கல் நட்ட முப்பது கட்டத்திலும் சேர்த்து 750 குழிகளில் 641 உயிர். ஊரில் வெடி வெடித்தார்கள். ஜெயப்பிரகாஷ் லட்டு வாங்கி வந்து கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். மே 31-ஆம் தேதியோடு தண்ணீர் லாரி நின்றது, எங்கள் வேலையும் நின்றது. ஜூன் 15-இல் பள்ளிக்கூடத்தில் குலுக்கல் போட்டு ஏக்கர் பிரித்தார்கள். எங்களுக்கு 38-ஆம் எண் வந்தது.

11. மூன்று நாள் கழித்து நானும் என் கணவரும் கடப்பாரை எடுத்துக்கொண்டு எங்கள் ஏக்கரைப் பார்க்கப் போனோம். மூன்றரை வருடம் தினமும் நடந்த மேடுதான். ஆனால் லாரி நிற்கும் இடத்துக்கும் கல் நட்ட இடத்துக்கும் நடுவே உள்ள பாதையைத் தவிர வேறு எதையும் நான் கண் திறந்து பார்த்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஏறக்குறைய ஆயிரம் குழிகளில் பதினொன்றில் பச்சை இருந்தது. என் கணவர் நான்கு இடங்களில் கடப்பாரை போட்டார். எங்கேயும் ஒரு முழத்துக்குக் கீழே இறங்கவில்லை. வெள்ளைக் களி கல்லாகக் கிடந்தது. “இதுல என்னத்த வெதைக்கிறது?” என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதுவரை நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அங்கே வைத்துத்தான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இருபத்தேழு வருடம் இந்த நிலத்துக்குக் காத்திருந்தவர் அவர்.

12. பக்கத்து வீட்டுக் கொளஞ்சிக்கு விழுந்த ஏக்கரில் கல் நட்ட கட்டங்கள் இரண்டு இருக்கின்றன. அவர் தன் அதிர்ஷ்டம் என்கிறார். அது அதிர்ஷ்டம் இல்லை, கூடை கூடையாக நாங்கள் சுமந்தது என்றேன். சிரிக்கிறார். மற்றவர்கள் நிலையும் எங்களைப் போலத்தான் என்று அவர்களுக்கே தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிடலாம், வந்தவரைக்கும் லாபம் என்கிறார்கள். கையெழுத்துத் தாளில் “மீட்கப்பட்ட நிலத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், இனி மாற்று நிலம் கோர மாட்டேன்” என்று அச்சடித்திருப்பதை அவர்கள் படித்தார்களா என்று தெரியவில்லை. படித்துக் காட்டினால், “ஒன்ன யாரு இப்ப யோக்கியம் பேசச் சொன்னா?” என்று கேட்கிறார்கள்.

13. வாய்ச்சொல் மட்டும் போதாது என்பதால் நானும் ரத்தினம்மாளும் ஜூலை 1 முதல் 6 வரை மேட்டை நாங்களே அளந்தோம். ஷஹனாஸ் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்ட முறைதான். இடத்தை நாமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது, தானாக விழ வேண்டும் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு தலைச் சும்மாட்டைத் தோளுக்குப் பின்னால் எறிந்தோம். அது விழுந்த இடத்தை ஒரு மூலையாக வைத்துக் கயிற்றால் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளந்தோம். இப்படி முப்பது இடம். கட்டத்துக்கு 25 குழி வீதம் 750 குழி. நகத்தால் கீறிப் பார்த்ததில் 68-இல் பச்சை. நூற்றுக்கு ஒன்பது. எண்ணிக்கைத் தாள் ஆறு பக்கம் இணைத்திருக்கிறேன். கூட்டல் இரண்டு முறை சரிபார்க்கப்பட்டது. இந்த முறை யாருக்கும் சாதகமாக எண்ணவில்லை என்று என் பிள்ளைகள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

14. ஜூலை 9-ஆம் தேதி பஸ் ஏறி சிதம்பரம் போய் ஷஹனாஸைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் அழுதுவிட்டார். “மொதல் வருசமே சொல்லியிருந்தா கல்ல வேற எடத்துல மாத்தி நட்டுருப்பேனேக்கா” என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அன்றே அவர் தன் மேலதிகாரிக்கு எழுதினார். ஒப்படைத்துவிட்ட அறிக்கையை ஒரு கூலியாளின் வாய்மொழியை வைத்துத் திருத்த வழியில்லை என்று ஐந்தாம் நாள் பதில் வந்தது. அந்த அறிக்கையே ஒரு கூலியாளின் வாய்மொழியை வைத்துத்தான் எழுதப்பட்டது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

15. நிறுவனத்தின் மேல் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று லட்சம் குழிக்கு ஒரு லாரி என்று முடிவு செய்தது நான் இல்லை. கல் எதற்கு என்று சொல்லாமல் போனதும் நான் இல்லை. மூன்று வருடத்தில் யாராவது ஒருவர் கல்லைத் தாண்டிப் பத்து அடி நடந்திருந்தால் போதும், எல்லாம் அன்றே தெரிந்திருக்கும். யாரும் நடக்கவில்லை. ஆனால் இதையெல்லாம் எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்பதே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஏமாற்றுகிறார்கள் என்று எத்தனையோ வருடம் கத்தினோம். கடைசியில் எங்களை ஏமாற்றியதில் பாதி வேலையை நாங்களே செய்து கொடுத்திருக்கிறோம், அதுவும் தலையில் சுமந்து.

16. இந்த மனுவில் ஒன்பது பேரும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். எட்டுப் பேரும் மறுத்துவிட்டார்கள். ரத்தினம்மாள் மட்டும், “எம் பேர வேணா எழுதிக்க, கையெழுத்து மட்டும் கேக்காத. எம் மவன் அங்கதான் வேல செய்றான்” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். இப்போது குழாயடியில் நான் போய் நின்றால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

17. எனவே ஐயா அவர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்து தர வேண்டுகிறேன்.

(அ) வரும் 11.08.2025 திங்கட்கிழமை நடக்கவிருக்கும் ஒப்படைப்புக் கையெழுத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.

(ஆ) அந்தத் தேதிக்கு முன்பாகவே, மையத்துக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு, கல் இல்லாத இடங்களில் மேட்டை மறுபடி அளக்க வேண்டும். இதில் தாமதம் கூடாது. தண்ணீர் நின்று இரண்டு மாதம் ஆகப்போகிறது. கல் நட்ட இடங்களிலும் இலை கருகத் தொடங்கிவிட்டது. இன்னும் சில வாரம் போனால் உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி காய்ந்து கிடக்கும். அப்போது நான் சொல்வதற்குச் சாட்சி எதுவும் இருக்காது. ஒப்படைத்த பிறகு பராமரிக்காமல் விட்டது இவர்கள் குற்றம் என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

(இ) ஷஹனாஸ் மேல் எந்த நடவடிக்கையும் வரக்கூடாது. அவர் சரியாக அளந்தார், சரியான கேள்வியைத்தான் கேட்டார். பொய் சொன்னது நான்.

(ஈ) தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடுங்கள். என் செயலுக்காக மற்ற 62 குடும்பங்களின் மாற்று நில உரிமை போகக்கூடாது.

தங்கள் அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் “எதிர்மனுதாரர் பெயர், முகவரி” என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நிறுவனத்தின் பெயரை எழுதி, அதன் கீழே என் பெயரையும் என் முகவரியையும் எழுதியிருக்கிறேன். கவனக்குறைவால் மாற்றி எழுதிவிட்டதாக நினைத்து அடித்துவிட வேண்டாம்.

எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை, ஐயா. மறுபடி அளந்தால் நூற்றுக்கு ஒன்பதுதான் வரும். மாற்று நிலம் என்று கேட்டால் இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ, அதைப் பார்க்க என் கணவர் இருப்பாரோ தெரியாது. செத்த மண்ணை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அவர் கையெழுத்துப் போடுவதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. அதற்காகவாவது ஒருமுறை மேட்டுக்கு ஆள் அனுப்புங்கள். கல்லைத் தாண்டி நடக்கச் சொல்லி அனுப்புங்கள்.

இதில் உள்ள அனைத்துக்கும் பொறுப்பானவள்,

(அமராவதி அய்யனார்)

இடம்: நெடுஞ்சேரிக்குப்பம்
நாள்: 28.07.2025

இணைப்பு: எண்ணிக்கைத் தாள் 6 பக்கம், கட்டங்கள் இருக்குமிடம் காட்டும் கைவரைபடம் 1.

குறிப்பு: அளக்க வருபவர்கள், முந்திரி பூத்த பதினேழாம் எண் கட்டத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்ற இருபத்தொன்பதையும் விட்டுவிட்டேன். அதற்கு மட்டும் இன்று காலைவரை தினமும் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். நிறுத்த முடியவில்லை.